ரிங்கில் பட்ட சத்தம்

பாதி ஆட்டம் முடிந்ததாகப் பஸ்ஸர் அலறி அடங்கி, பலகையில் பதினைந்து நிமிடம் எழுந்து, அது பதினான்கு ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று கரைய ஆரம்பித்த பிறகும் சுலோச்சனா தன் இடது கட்டைவிரலை அந்தச் சின்னப் பெட்டியின் மேலிருந்து எடுக்கவில்லை. எடுக்க மறந்துவிட்டாள் என்றால் அது பாதி உண்மைதான். எடுத்தால் அந்த விரலைப் பார்க்க வேண்டியிருக்கும், பார்த்தால் அதனிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கும், நாற்பத்தெட்டு வயதில் சொந்தக் கட்டைவிரலை விசாரணைக்கு நிறுத்துகிற நிலைமை எந்தப் பி.டி. டீச்சருக்கும் வரக்கூடாது. ஷாட் கிளாக் பெட்டியில் மூன்றே பொத்தான்கள்: இருபத்து நான்கு, பதினான்கு, நிறுத்து. பந்து கைக்கு வந்த அணி இருபத்து நான்கு விநாடிக்குள் கூடையைப் பார்த்து எறிந்தாக வேண்டும். எறிந்த பந்து கூடையின் இரும்பு வளையத்தில், அதை இங்கே எல்லோரும் ரிங் என்பார்கள், பட்டுத் திரும்பி அதே அணியின் கைக்கு வந்தால் புதிதாகப் பதினான்கு விநாடி கிடைக்கும். படாமல் வந்தால் ஒன்றும் கிடையாது, பழைய மணியே ஓடிக்கொண்டிருக்கும். பட்டதா படவில்லையா என்று முடிவு செய்து அமுக்குவதுதான் மேசையில் அவளுக்குள்ள வேலை. சற்று முன், இரண்டாவது குவார்ட்டரின் கடைசி நிமிடத்தில், உள்ளூர் நொய்யல் அணியின் கேப்டன் சபரிநாதன் எறிந்த பந்து கூடைக்குள் போகாமல் வலையை வெளியே உரசிக்கொண்டு இறங்கியது. அவனுடைய ஆளே அதை எடுத்தான். மணியில் மூன்று விநாடி மிச்சம். விரல் அமுங்கியது, மூன்று பதினான்காக மாறியது, நொய்யல்காரர்கள் அவசரமே இல்லாமல் நாலு கை மாற்றிப் பந்தைக் கூடையில் போட்டார்கள். நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு. மேலே கூட்டத்துக்குள் ஜமாப் மேளம் அடிக்கிறவர்கள் கூரையைப் பிய்த்துவிடுவது போல அடித்தார்கள். அதற்கப்புறம்தான், பந்து மறுமுனைக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான், அவளுக்குத் தோன்றியது. பட்டதா அது?

பட்டது என்றுதான் காது சொல்கிறது. டங் என்று ஒரு சின்னச் சத்தம், சத்தம்கூட இல்லை, சத்தத்தின் ஓரம், அது கேட்டுத்தானே அமுக்கினாள். ஆனால் கண் வேறு ஒன்றை வைத்திருக்கிறது. பந்து இறங்கியபோது ரிங் அசையவில்லை, வலையின் கீழ்நுனி மட்டும் ஒருபக்கமாக விலகித் திரும்பியது. இரண்டில் எது பொய் சொல்கிறது என்று இப்போது யோசிக்க வேண்டிய அவசியம் இல்லைதான், ரெஃப்ரிக்குச் சந்தேகம் வரவில்லை, எதிர் அணிக்காரர்கள் கையைத் தூக்கவில்லை, போட்ட கூடை போட்டதுதான், இனிமேல் அதை எந்த விதியாலும் பிடுங்க முடியாது. யோசிக்க வைத்தது அந்தப் பந்து அல்ல, மித்ரா. பூனாவில் புள்ளியியல் படிக்கிற மகள், நேற்று மத்தியானம் போனில், சாப்பிட்டாயா என்பதற்குப் பதில் சொல்லாமல், "ஏம்மா, நம்ம டீம் நெசமாவே கப்பு அடிக்குமா?" என்று கேட்டாள். அடிக்கும் என்றாள் இவள். "நெசமாவா?" என்றாள் அவள் மறுபடியும், அந்த 'நெசமாவா'வில் ஒரு ஊசி இருந்தது. "இந்த சீசன்ல உள்ளூர்ல ஒம்போதுக்கு ஒம்போது ஜெயிச்சிருக்காங்க. வெளியூர்ல ஒம்போதுக்கு ரெண்டு. போன வருஷமும் ஏறக்குறைய அப்படித்தான். மத்த டீமுங்க யாருக்கும் இவ்ளோ வித்தியாசம் இல்லம்மா. உள்ளூர்ல அப்படி என்னதான் இருக்கு?" சிறுவாணித் தண்ணி இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லி வைத்தாள் சுலோச்சனா. அது அவள் பதில்கூட இல்லை, அவள் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தியின் பதில்.

ஊருக்கு ஊர் ஒரு காரணம் வைத்திருந்தார்கள், ஊருக்குள் ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். பம்ப்செட் பட்டறை நடத்துகிற ஈஸ்வரமூர்த்திக்குத் தண்ணீர். சென்னையின் கேன் தண்ணீரைக் குடித்தால் எந்தக் கோயமுத்தூர்க்காரனுக்குக் கால் எழும்பும் என்பார், நொய்யல் அணியில் பாதிப் பேர் பஞ்சாபும் கேரளமும் என்று சொன்னால் காதில் விழாத மாதிரி இருப்பார். ரேஸ் கோர்ஸில் காலையில் நடக்கிறவர்களுக்கு ஜமாப். அந்தச் சத்தத்தில் வெளியூர்க்காரனுக்கு ஈரக்குலை நடுங்கும், ஃப்ரீ த்ரோ உள்ளே போகாது. பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாருக்குத் தரை. இங்கே மரத்தரை புதுசு, பந்து நல்லா எழும்பும். எழும்பினால் இரண்டு பேருக்கும்தானே சார் எழும்பும் என்று அவரிடம் கேட்டாள் ஒருநாள், அவர் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். எல்லாருடைய காரணத்தையும் கேட்டுக்கொண்டு, தலையாட்டிக்கொண்டு, ஆறு வருஷமாக ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் இந்த மேசையில் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அவள். வெளியூர் ஆட்டங்களில் தண்ணீர் இல்லை, ஜமாப் இல்லை, இந்தத் தரை இல்லை. அவளும் இல்லை. இதுவரைக்கும் அந்தப் பட்டியலில் தன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை, மேசையைச் சேர்க்க யாருக்குத் தோன்றும், மேசை என்பது மேசை.

பன்னிரண்டு இருபது. விரலை எடுத்தாள். பார்த்தாள். கல்லூரி நாளில் பந்து பட்டு மடங்கி, கொஞ்சம் கோணலாகவே கூடிப்போன விரல், அதனால்தான் பொத்தானில் அத்தனை சரியாகப் பொருந்துகிறது என்று பெருமைப்பட்டிருக்கிறாள். அந்த விரலைவிடப் பெரிய பெருமை காது. மூவாயிரம் பேர் கத்தினாலும் ஜமாப் அடித்தாலும் சுலோச்சனா டீச்சருக்கு ரிங் கேட்கும் என்று லீக்கில் ஒரு பேச்சு உண்டு. சரி, காதுக்கு வயசாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இது நல்ல யோசனை, இதில் ஒரு நிம்மதிகூட இருக்கிறது, நாளைக்கே ஒரு டாக்டரைப் பார்த்துவிடலாம். இல்லாத சத்தம் கேட்கிற காது. ஆனால் காது கெட்டால் பொதுவாகத்தானே கெட வேண்டும்? அதற்கு நீல ஜெர்சியும் தெரியாது, மஞ்சள் ஜெர்சியும் தெரியாது. எதிர் அணிக்கு எப்போதாவது இல்லாத டங் கேட்டிருக்கிறதா? மனசைப் பின்னால் ஓட்டினாள். கொச்சி அணியுடன் கார்த்திகையில் ஆடியபோது அவர்களுடைய உயரமானவன் எறிந்தது, படவில்லை, அமுக்கவில்லை, பஸ்ஸர் அடித்தது, சரி. மதுரை, படவில்லை, அமுக்கவில்லை, சரி. ஹைதராபாத், சரி. சரி, சரி, எல்லாம் சரியாக இருந்தது, சரியாக இருந்ததுதான் சிக்கல். அப்புறம் அதே ஹைதராபாத் ஆட்டத்தில் நொய்யலின் பந்து இறங்கியபோது அவள் பதினான்கு அமுக்க, அவர்களுடைய கோச் நாற்காலியை விட்டு எழுந்து, ரிங்கைக் காட்டிக் காட்டித் தெலுங்கில் கத்தினார். கோச் என்றால் கத்தத்தான் செய்வார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். அந்த மனுஷன் கத்தியபோது கழுத்து நரம்பு புடைத்திருந்தது ஞாபகம் வருகிறது, கண்ணில் தண்ணீர் நின்றது ஞாபகம் வருகிறது, பொய்க்குக் கத்துகிறவனுக்குக் கண்ணில் தண்ணீர் வருமா? அந்த ஆட்டத்தை நொய்யல் நான்கு புள்ளியில் ஜெயித்தது. கொச்சி ஐந்து. மதுரை மூன்று. வெளியூரில் தோற்றதெல்லாம்கூட மூன்று, நான்கு, ஐந்து. உள்ளூரில் நாலு மேலே, வெளியூரில் நாலு கீழே.

சேச்சே, ஒரு விரலுக்கு அவ்வளவு சக்தி ஏது. ஒரு ஆட்டத்தில் எண்பது புள்ளி எடுக்கிறார்கள், ஓடுகிறது அவர்கள் கால், எறிகிறது அவர்கள் கை. இரண்டு முறை, மிஞ்சிப்போனால் மூன்று முறை இப்படி ஒரு உரசல் பந்து வரும், அதில் எல்லாமா கூடையில் விழுகிறது? விழுந்தால் இரண்டு புள்ளி, இரண்டு தடவை விழுந்தால் நாலு. நாலு என்றதும் மறுபடி அதே இடத்தில் வந்து நின்றாள், எந்தப் பக்கம் போனாலும் அந்த நாலு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. மேசையில் இருப்பவர்கள் கை தட்டக்கூடாது. முகம் சுளிக்கக்கூடாது, எழுந்திருக்கக்கூடாது, உள்ளூர் அணி உலகத்தைத் தூக்கிக் கூடையில் போட்டாலும் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் உட்கார்ந்திருந்தாள். முதல் வருஷம் பதினெட்டு ஆட்டத்தில் பதினாறு தோற்றார்கள், அப்போதே உட்கார்ந்திருந்தாள். அந்த வருஷம் ஒருநாள், நாற்பது புள்ளி பின்னால் இருந்த ஆட்டத்தில், யாருக்கும் பிரயோஜனமில்லாத ஒரு பந்துக்காகச் சபரிநாதன் பாய்ந்து விழுந்து இந்த மேசையில் வந்து மோதினான். டீ டம்ளர் உருண்டு ஸ்கோர் ஷீட் முழுக்க டீ. அவன் எழுந்து முழங்கையில் ரத்தத்தோடு, "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா" என்று தன் ஜெர்சியின் கீழ்முனையால் அந்தத் தாளை ஒற்றி ஒற்றித் துடைத்தான், எழுத்து கலையாமல். நாற்பது புள்ளி பின்னால் நிற்கிறவன். அன்றைக்கு அவளுக்குள் என்னவோ விழுந்தது, கைதட்ட முடியாதவளுக்கு அந்தக் கைதட்டல் எங்கே போயிருக்கும்? போக ஒரு வழியும் இல்லாமல் இடது கை வழியாக இறங்கி இறங்கி, கட்டைவிரலில் வந்து நின்றுகொண்டதோ என்று இப்போது யோசித்துப் பார்த்தாள். பயமாக இருந்தது. பயத்துக்குள்ளேயே, வெட்கமில்லாமல், ஒரு ஆர்வமும் இருந்தது.

"என்னங்க டீச்சர், டீ ஆறுதுங்க." ஜெரோம் மாஸ்டர். மேசைக்கு மூத்தவர், ஸ்கோர் ஷீட் எழுதுகிறவர், பேனாவுக்குக்கூட உறை போட்டு வைத்திருக்கிற மனிதர். வலதுபுறம் அவர், அவருக்கும் அப்பால் பலகையில் புள்ளி ஏற்றுகிற ஹசீனா, ஏதோ கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை, முப்பது வயதுக்குள்தான். டீயை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, நாக்கு சுட்டதா சுடவில்லையா என்றுகூடத் தெரியாமல், "மாஸ்டர், கடைசியா சபரி போட்டது ரிங்ல பட்டுச்சுங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பட்டது என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு பக்கமும், சொல்லிவிடக் கூடாது என்று இன்னொரு பக்கமும் இழுத்தது. ஜெரோம் பேனாவை மூடினார். "எனக்குப் படலைன்னுதாங்க தோணுச்சு."

"அப்பறம் ஏனுங்க மாஸ்டர் ஒண்ணும் சொல்லலை?"

"உங்க காதைப் போயி நான் சந்தேகப்படறதாங்க? நீங்க அமுக்கினா பட்டிருக்கும்னு நினைச்சுக்கறது. இன்னைக்கு நேத்தா?" என்று சொல்லிவிட்டு அவர் பிஸ்கட்டை டீயில் நனைத்தார். இன்னைக்கு நேத்தா. அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார், பாவம். இன்னும் எத்தனை தடவை அவருக்குப் படவில்லை என்று தோன்றியதோ, எத்தனை தடவை நினைத்துக்கொண்டாரோ, ரெஃப்ரிகளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்களோ. சுலோச்சனா டீச்சர் அமுக்கினால் பட்டிருக்கும். இந்த லீக்கைக் காட்டுகிறவர்கள் ஒரே ஒரு கேமராவைத் தூணோரம் வைத்துக் காட்டுகிறார்கள், அதில் ரிங் ஒரு கோடு மாதிரித்தான் தெரியும், ஆகவே கேட்கிறதற்கு வேறு ஆளும் இல்லை. சாட்சியும் அவள், நீதிபதியும் அவள், நல்ல பேர் எடுத்தவளும் அவள். நல்ல பேர் இத்தனை கெட்ட விஷயமாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

எட்டு நிமிடம். அணிகள் திரும்ப வந்து கூடையில் எறிந்து பழக ஆரம்பித்திருந்தன. இந்தப் பக்கக் கூடையிலிருந்து டங், டங், டங் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது, எல்லாம் நிஜமான டங், கேட்கக் கேட்க அதற்கும் அவள் காதில் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்தச் சின்ன டங்குக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிகிறது போலவும் இருந்தது. என்ன செய்யலாம்? ஒன்றும் செய்ய வேண்டாம், இனிமேல் கவனமாக இருந்தால் போதும். இன்னும் இருபது நிமிட ஆட்டம், கண்ணில் ரிங் அசைவதைப் பார்த்தால் மட்டும் அமுக்குவது. ஆனால் அப்படிக் கவனமாக இருந்தால், நொய்யலின் பந்து வரும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேல் சந்தேகம் வரும், நிஜமாகப் பட்டதைக்கூடப் படவில்லை என்று விட்டுவிடுவாள், அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம் இல்லையா? கவனமும் ஒரு சாய்வுதான், பக்கம்தான் வேறு. நேராக நிற்கிற விரல் அவளிடம் இனிமேல் இல்லை. அப்படியானால் இன்று மட்டும் இந்தப் பெட்டி வேறு ஒருவர் கையில் இருக்க வேண்டும். அதுவும் இன்றைக்கா? சென்னை அணியோடு அரையிறுதி மூன்று ஆட்டம், முதல் ஆட்டம் சென்னையில் தோற்றாயிற்று, இன்று தோற்றால் ஆறு வருஷத்தில் முதல்முறையாகக் கிட்டத்தில் வந்த கோப்பை கை நழுவிப்போகும். ஜெயித்தால் ஞாயிற்றுக்கிழமை சென்னையில் மூன்றாவது ஆட்டம். அங்கே தண்ணீர் வேறு, சத்தம் வேறு, விரல் வேறு. அவள் தள்ளிவிட்டு அனுப்பினால் அங்கே போய் நாலு புள்ளியில் தோற்றுவிட்டு வருவார்கள், ரேஸ் கோர்ஸில் மறுநாள் தண்ணீரைத் திட்டுவார்கள். மித்ரா மறுபடி போன் பண்ணி, நான் சொன்னேன்ல என்பாள்.

கூட்டத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து நீலத் தொப்பி ஒன்று ஆடியது. ஈஸ்வரமூர்த்தி, அணியின் தொப்பி, தொப்பிக்குள் அடங்காத காது. பட்டறையில் இரண்டு மோட்டார் சோதனைக்குக் கிடக்கிறது என்று காலையில் புலம்பியவர், மூணு மணிக்கே வந்து இடம் பிடித்துவிட்டார். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வேறு எந்த விரலையாவது காட்டக்கூடாதா இந்த மனுஷன். அவரிடம் இதைச் சொன்னால் என்ன சொல்வார்? "ஏம்புள்ள, உனக்கென்ன கிறுக்கா, நம்ம பசங்களுக்குத்தானே?" என்பார், நிச்சயம் அப்படித்தான் சொல்வார். அடுத்த நிமிஷம் பட்டறையில் ஒரு மோட்டார் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் இறைத்தால் அதை விற்க மாட்டார், அளக்கிற மீட்டரிலேயே கோளாறா என்று மீட்டரை மாற்றி வைத்து மறுபடி ஓட்டிப் பார்ப்பார். மோட்டாரை மாற்றுவதில்லை, மீட்டரை மாற்றுவார். இது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் அந்த ஆளோடு குடித்தனம் பண்ணி, அவர் செய்கிற ஒரே புத்திசாலித்தனமான காரியத்தைக் கவனிக்காமல் இருந்திருக்கிறாள். நொய்யல் அணி கோப்பைக்கு நிஜமாகவே தகுதியானதா என்று ஊரே கேட்கிறது, அவளும் கேட்கிறாள், அவளால் மட்டும்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். அதற்கு அவள் செய்ய வேண்டியது எழுந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்காருவது. தோற்றுவிட்டால்? தோற்றால் தோற்றதாகத் தெரியும். அந்த எண்ணம் அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது, பொறுக்க முடியாத அளவுக்கு இருந்தது.

மூன்று நிமிடம் இருக்கும்போது சபரிநாதன் வழக்கம்போல மேசைக்கு வந்தான். ஆட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை, பாதி ஆட்டத்துக்கு அப்புறம் ஒரு தடவை, மேசையின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான், கோயில் படியைத் தொடுகிற மாதிரி. முப்பத்துமூன்று வயது, நெற்றி ஏறிவிட்டது, முழங்காலில் பட்டை. "வணக்கமுங்க அக்கா." "வணக்கம் சபரி." வழக்கமாக அதோடு அவன் போய்விடுவான், அவளும் குனிந்துகொள்வாள். இன்று அவன் முதுகு போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் உனக்கு நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று அந்த முதுகைக் கேட்டாள். முதுகில் ஏழு என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். அப்புறம் எழுந்தாள். "ஹசீனா, நீ ஷாட் கிளாக் போட்டிருக்கே இல்ல?" "ஸ்டேட் மேட்ச்ல போட்டிருக்கேன்க்கா. ஏன்க்கா?" விரல் இழுத்துக்கொண்டது, சுளுக்கு என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். அதைச் சொன்னால் அடுத்த ஆட்டத்துக்கு விரல் சரியாகிவிடும், நாற்காலி மறுபடி அவளுக்கு வந்துவிடும், அதனால் சொல்லவில்லை. "எனக்கு இந்த டீமை ரொம்பப் புடிக்கும் ஹசீனா. அதனால எனக்கு இல்லாத சத்தமெல்லாம் கேக்குது. நீ உக்காரு" என்றாள். ஹசீனா சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஜெரோமைப் பார்த்தாள். ஜெரோம் இவளை நிமிர்ந்து பார்த்தார், பிஸ்கட் டீக்குள் உடைந்து விழுந்தது, அதைக்கூட எடுக்கவில்லை. "டீச்சர், இதை நான் ரிப்போர்ட்ல எழுதணுமுங்க" என்றார் மெதுவாக. "எழுதுங்க மாஸ்டர்." எழுதினால் அடுத்த வருஷம் அவளுக்கு இந்த மேசையே இருக்காது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் பேனாவின் உறையைக் கழற்றினார்.

நாற்காலி மாறினால் மைதானமே மாறிப்போகிறது. இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்ததில் இரண்டு கூடையும் வேறு கோணத்தில் தெரிந்தன, கையில் புள்ளி ஏற்றுகிற பெட்டி, அதில் நிறையப் பொத்தான்கள், எதிலும் அவள் இஷ்டம் ஒன்றும் இல்லை. ரெஃப்ரி இரண்டு விரலைக் காட்டினால் இரண்டு, மூன்றைக் காட்டினால் மூன்று. மூன்றாவது குவார்ட்டர் ஆரம்பித்தது. நொய்யலின் பந்து. அவர்கள் சுற்றிச் சுற்றிக் கொடுத்து விளையாடினார்கள், அழகாகத்தான் இருந்தது, மணி பத்துக்கு வந்தது, எட்டுக்கு வந்தது, சபரிநாதன் இரண்டு பேருக்கு நடுவில் எம்பி எறிந்தான். பந்து வலையை உரசிக்கொண்டு இறங்கியது, இறங்கும்போது அவளுக்குக் கேட்டது. டங். சந்தேகமே இல்லாமல், தெளிவாக, காதுக்குப் பக்கத்தில் யாரோ சுண்டிய மாதிரி. மேசைக்கடியில் அவள் கட்டைவிரல் முழங்கால் மேல் சேலையை அமுக்கியது. ஹசீனாவைப் பார்த்தாள், ஹசீனாவின் விரல் அசையவில்லை. ஜெரோமைப் பார்த்தாள், அவர் இல்லை என்று கண்ணை மூடித் திறந்தார். எதிர் அணிக்காரர்கள் மணியில் மிச்சம் மூன்று விநாடி என்று விரலைக் காட்டி எண்ணிக்கொண்டிருந்தார்கள். பந்தை எடுத்த நொய்யல்காரன் அவசரப்படவில்லை, வெளியே சபரிநாதனுக்கே கொடுத்தான், சபரிநாதனும் அவசரப்படவில்லை, பந்தை இரண்டு தட்டுத் தட்டி, கையை உயர்த்தி எல்லோரையும் நிதானமாக இடத்தில் நிற்கச் சொன்னான். அவன் கையில் இன்னும் பதினான்கு விநாடி இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். பஸ்ஸர் அலறியது.

அவன் ரெஃப்ரியைப் பார்க்கவில்லை. மணியைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தான், சரியாக அவளுடைய நாற்காலியை. அதில் ஹசீனா இருந்தாள். அவன் கண் மேசையோரமாகவே நகர்ந்து வந்து இவளைக் கண்டுபிடித்தது. கோபம் இல்லை அதில், இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்தவன் முகம் மாதிரி இருந்தது. அவ்வளவு போதுமாக இருந்தது அவளுக்கு. அவனுக்குத் தெரிந்து நடந்த காரியம் இல்லை அது. ஆறு வருஷமாக உரசி இறங்கிய பந்துக்கெல்லாம் இங்கே நேரம் கிடைத்தது, கிடைத்துக் கிடைத்து, உரசினால் நேரம் உண்டு என்று அவன் கால் கற்றுக்கொண்டுவிட்டது. அந்தக் காலோடுதான் அவன் சென்னைக்குப் போனான், கொச்சிக்குப் போனான், அங்கேயும் நிதானமாக நின்றான், அங்கே பஸ்ஸர் அடித்தது. மித்ராவின் கேள்விக்கு விடை அவள் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. உள்ளூரில் நாலு புள்ளி கொடுத்தவளும் அவள், வெளியூரில் நாலு புள்ளி பறித்தவளும் அவள். அவர்களை இத்தனை ஆசையோடு நேசித்ததில் அவர்களை முடமாக்கி வைத்திருந்தாள். அழுகை வந்தது, மேசையில் இருப்பவர்கள் அழக்கூடாது, மறுமுனையில் சென்னைக்காரன் தூரத்திலிருந்து எறிந்த பந்து வலைக்குள் விழுந்தது. ரெஃப்ரி மூன்று விரலைக் காட்டினார். அவள் தன் கையாலேயே மூன்று ஏற்றினாள். நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று.

சபரிநாதன் பந்தோடு திரும்பி வந்தான். மேசையைத் தாண்டும்போது இவளை ஒருமுறை பார்த்தான், அப்புறம் தலையைத் தூக்கிக் கூடைக்கு மேலே ஓடுகிற மணியைப் பார்த்தான், ஏதோ இன்றைக்குத்தான் அதை அங்கே மாட்டினார்கள் என்பது போல. "டேய், மணியப் பாருங்கடா! மணி ஓடுதுடா!" என்று கத்தினான். இந்த அரங்கத்தில் ஆறு வருஷத்தில் அவன் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. அவர்கள் தடுமாறினார்கள், ஒரு பந்து கைதவறி வெளியே போகப் பார்த்தது, பிடித்தார்கள், மணி நான்கு, மூன்று, அவசரமாக, அழகில்லாமல், உடம்பு கோணிக்கொண்டு ஒருத்தன் எறிந்தான். டங். ஜெரோமுக்குக் கேட்டது, ஹசீனாவுக்குக் கேட்டது, ஜமாப்காரர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். ஹசீனாவின் விரல் அமுங்கியது, பதினான்கு எழுந்தது, பந்து எகிறிக் கீழே வந்தது, அதற்காகப் பத்துக் கைகளும் மேலே போயின. சுலோச்சனா முழங்கால் மேலிருந்த விரலை எடுத்து மற்ற விரல்களோடு மடக்கி வைத்துக்கொண்டாள். ஆட்டத்தில் இன்னும் பத்தொன்பது நிமிடம் இருந்தது, அவர்கள் ஜெயிப்பார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை, இனி தெரிந்துகொள்ளலாம்.